காது எந்தப் பக்கம்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரை. பேசியதை ஒட்டியே எழுதித் தரப்பட்டுள்ளது.)

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, எனக்குப் பாடம் சொல்லித் தந்து, இன்றைக்கு வைவா நடத்துகிற மாதிரியே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, மூத்த அண்ணன்மார்களே, அக்காமார்களே, என் வகுப்புத் தோழர்களே, பின்வரிசையில் எப்போது சாப்பாட்டுக்கு விடுவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "இந்தத் தடவை நீ பேசணும்பா. ஆனா வெற்றிக் கதை வேண்டாம். போன வருஷமே நாலு பேர் பேசிட்டாங்க" என்றார். எனக்கு நிம்மதியாகப் போயிற்று. வெற்றிக் கதை என்னிடம் பெரிதாக இல்லை. தோல்விக் கதை ஒன்று கைவசம் இருக்கிறது. அது நம் முதலாண்டு எஞ்சினியரிங் டிராயிங் பாடத்தோடு சம்பந்தப்பட்டது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் 2005-ல் இங்கே சேர்ந்தேன். 2009-ல் மெக்கானிக்கல் முடித்தேன். முதலாண்டில் மினி டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு, டிராயிங் ஷீட் உருளையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினால், கண்டக்டர் "தம்பி, அந்தக் கம்பியால யார் கண்ணையும் குத்திடாதே" என்று டிக்கெட்டோடு ஓர் அறிவுரையும் கிழித்துக் கொடுப்பார். டிராயிங் ஹாலில் ஸ்டூலில் உட்கார்ந்து வரைந்தவன் எவனும் கிடையாது. எல்லோரும் நின்றுகொண்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு, ரப்பர் தூளை வாயால் ஊதிக்கொண்டு வரைவோம். ஷீட்டின் ஓரம் கறுத்துப் போயிருந்தால் சார் அதை விளக்குக்கு நேரே பிடித்து, "இது டிராயிங்கா, தோசைக்கல்லைத் துடைச்ச துணியா?" என்பார். இங்கே சிரிக்கிறவர்கள் எல்லோரும் அந்த வார்த்தையை வாங்கியவர்கள்தான்.

முதல் நாள் சார் ஒரு தீப்பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு, "இதை வரைங்க" என்றார். அறுபது பேரும் வரைந்தோம். பாதிப் பேர் ஒரு செவ்வகம் போட்டார்கள். மீதிப் பேர் செவ்வகம் போட்டு, பின்னால் சாய்வாக மூன்று கோடு இழுத்துப் பெட்டி ஆக்கினோம். சார் இரண்டையும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பெட்டியோட உயரம், நீளம், அகலம் மூணையும் இந்தப் படத்துல ஸ்கேல் வெச்சு அளந்து சொல்ல முடியுமா?" செவ்வகக் கோஷ்டியால் இரண்டை அளக்க முடிந்தது. மூன்றாவது அங்கே இல்லவே இல்லை. பெட்டிக் கோஷ்டியான எங்களிடம் மூன்றும் இருந்தன. ஆனால் சாய்வுக் கோட்டின் நீளத்தை ஆளுக்கு ஒரு மாதிரி இழுத்திருந்தோம். அந்த ஒரு கேள்வியில் பாடம் முழுவதும் அடங்கியிருந்தது என்பது எனக்குப் புரிய ஆறு வருஷம் ஆயிற்று.

தாளுக்கு இரண்டு திசை. பொருளுக்கு மூன்று. மூன்றை இரண்டில் அடைக்கும்போது ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதில்தான் முறைக்கு முறை வேறுபாடு.

கண்ணுக்கு உண்மையாக இருப்பது பெர்ஸ்பெக்டிவ். தண்டவாளம் தூரத்தில் போய் ஒன்றாகச் சேர்கிற மாதிரி வரைவது. இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்து புருனலெஸ்கி 15-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அதைச் செய்து காட்டினார். ஆல்பெர்ட்டி 1435-ல் அதை விதியாக எழுதி வைத்தார். ஓவியருக்கும் கட்டடக் கலைஞருக்கும் அது வரப்பிரசாதம். பட்டறைக்காரருக்கு உதவாது. கிட்ட இருக்கும் விளிம்பு பெரிதாகவும், அதே நீளமுள்ள தூரத்து விளிம்பு சிறிதாகவும் இருக்கிற படத்தில் ஸ்கேல் வைத்து எதை அளப்பது? பரீட்சையில் அது கடைசி யூனிட்டாக வரும். நான் அதை சாய்ஸில் விட்டவன் என்பதால் இதற்குமேல் பேசத் தகுதியில்லை.

அளவுக்கு உண்மையாக இருப்பது நாம் எல்லோரும் மார்க் வாங்கிய ஆர்த்தோகிராபிக் முறை. முன்னாலிருந்து ஒரு தோற்றம், மேலேயிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று. இதை முறையான ஒரு விஞ்ஞானமாக்கிய காஸ்பார் மோன்ஜ் என்ற பிரெஞ்சுக்காரரின் கதையை நமக்குப் பாடத்தில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் ஆர்வத்தோடு வரைந்திருப்போம். அவர் 1746-ல் பிறந்தவர். மெசியேர் என்ற ஊரில் இருந்த ராணுவப் பொறியியல் பள்ளியில் வரைவாளர் பிரிவில் சேர்ந்தார். பெரிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குத்தான் அங்கே அதிகாரிப் படிப்பு. இவர் ஒரு வணிகரின் மகன். ஒரு கோட்டை கட்டவேண்டும். எதிரி எங்கே நின்று சுட்டாலும் உள்ளே இருப்பவர் மேல் குண்டு படாதபடி சுவரின் உயரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்தக் கணக்கு அவரிடம் வந்தது. அந்தக் காலத்தில் அதற்குப் பக்கம் பக்கமாக எண் கணக்குப் போடவேண்டும். மோன்ஜ் கோடு போட்டே முடித்துவிட்டார். இவ்வளவு சீக்கிரம் விடை வராது என்று மேலதிகாரி அதைப் பார்க்கவே மறுத்தாராம். பிறகு பார்த்தார். பார்த்ததும் அந்த முறையை ராணுவ ரகசியம் ஆக்கிவிட்டார்கள். வருஷக்கணக்கில் மோன்ஜ் அதை வெளியில் சொல்லக்கூடாது. பிரெஞ்சுப் புரட்சி வந்த பிறகு, 1795-ல்தான் பாரிஸில் வெளிப்படையாக வகுப்பு எடுத்தார். நாம் "ஐயோ, மறுபடியும் ஒரு ஷீட்டா" என்று அலுத்துக்கொண்ட பாடம், ஒரு நாடு வருஷக்கணக்கில் பூட்டி வைத்த பாடம்.

இந்த முறையில் ஒரு சிக்கல் உண்டு. இங்கேதான் என் கதை தொடங்குகிறது.

பக்கத் தோற்றத்தைத் தாளில் எந்தப் பக்கம் வைப்பது? இரண்டு வழக்கம் இருக்கிறது. பொருளுக்குப் பின்னால் ஒரு சுவர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் நின்று பொருளைப் பார்த்தால், அதன் உருவம் வலப்பக்கச் சுவரில் போய் விழும். அதனால் இடப்பக்கத் தோற்றத்தை வலப்பக்கம் வரைகிறோம். இது ஃபர்ஸ்ட் ஆங்கிள். ஐரோப்பாவில் இதுதான் வழக்கம். நம் நாட்டில் 1988-ல் வந்த எஸ்.பி. 46 என்ற தர ஏடும் இதையே சொல்கிறது. நாம் படித்ததும் இதுதான். இன்னொன்று, பொருளை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்ததாக நினைத்துக்கொள்வது. எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோமோ, அந்தப் பக்கக் கண்ணாடியிலேயே வரைந்துவிடுவோம். வலப்பக்கத் தோற்றம் வலப்பக்கமே வரும். இது தர்டு ஆங்கிள். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இதுதான். எது எது என்று சொல்வதற்காக, தாளின் மூலையில் டைட்டில் பிளாக்கில் ஒரு சின்ன அடையாளம் போடுவார்கள். முனை வெட்டிய ஒரு கூம்பு, பக்கத்தில் இரண்டு வட்டம். கூம்பின் குறுகிய முனை வட்டத்தைப் பார்த்தால் தர்டு ஆங்கிள். அகன்ற முனை பார்த்தால் ஃபர்ஸ்ட் ஆங்கிள். சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி. நான் முழு மார்க் வாங்கியிருக்கிறேன்.

படிப்பு முடிந்து ஓசூர் பக்கம் ஒரு சிறிய பேப்ரிகேஷன் ஒர்க்ஷாப்பில் சேர்ந்தேன். பன்னிரண்டு பேர் வேலை பார்த்த இடம். அதில் பட்டம் வாங்கியவன் நான் ஒருவன்தான். அந்த நினைப்பு நடையிலும் பேச்சிலும் தெரிந்திருக்கும். சேர்ந்து எட்டு மாதம் இருக்கும், ஒரு பிராக்கெட் ஆர்டர் வந்தது. 48 உருப்படி. படம் வெளிநாட்டு டிசைன். பொருள் ரொம்ப எளிமையானது: ஓர் அடித்தட்டு, அதன் பின் ஓரத்தில் நிமிர்ந்து நிற்கும் ஒரு சுவர்த்தட்டு, அந்தச் சுவரின் ஒரு முனையிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஓட்டை போட்ட ஒரு காது. அவ்வளவுதான். தாளில் இரண்டே தோற்றங்கள். முன்தோற்றம் ஒன்று, அதன் வலப்பக்கத்தில் ஒரு பக்கத் தோற்றம்.

ஃபிட்டர் அண்ணன் ஒருவர் அங்கே இருந்தார். அப்போதே ஐம்பதைத் தாண்டியவர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். பிறகு குனிந்து தரையில் கிடந்த இரும்புத் தகட்டின்மேல் சாக்கட்டியால் ஒரு படம் போட்டார். அடித்தட்டு, சுவர், காது எல்லாம் சாய்வாக, முழுப் பொருளாக, கையில் எடுத்துவிடலாம் போல இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு படம். அதே பொருள்தான், ஆனால் காது மட்டும் மறுபக்கம். என்னை நிமிர்ந்து பார்த்து, "இஞ்சினியர் தம்பி, காது இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று கேட்டார்.

நான் தாளைப் பார்த்தேன். வலப்பக்கத்தில் இருப்பது இடப்பக்கத் தோற்றம் என்று படித்த பழக்கத்தில் படித்தேன். மூலையில் இருந்த கூம்பைப் பார்க்கவில்லை. "டிராயிங்லதான் தெளிவா இருக்கே அண்ணே, அந்தப் பக்கம்" என்றேன். "தெளிவா இருக்கே" என்று சொன்ன தோரணை இன்றைக்கும் எனக்குக் காதில் கேட்கிறது. அவர் ஒரு படத்தை உள்ளங்கையால் அழித்தார். அழித்தது சரியான படம். "நீங்க சொன்னா சரி தம்பி."

இந்தப் பிராக்கெட்டில் ஒரு விஷமம் இருந்தது. முன்தோற்றத்தில் சுவர் முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் கோடு ஒன்றேதான். எச்சரிக்கிற மாதிரி ஒரு புள்ளிக்கோடு கூட இல்லை. தர்டு ஆங்கிளை ஃபர்ஸ்ட் ஆங்கிளாகப் படித்தால் முன் பின்னாகவும், பின் முன்னாகவும் மாறும். மற்ற அளவெல்லாம் மில்லிமீட்டர் சுத்தமாக அப்படியே இருக்கும். ஆக, அளவு பரிசோதனையில் 48-ம் பாஸ். வாடிக்கையாளரிடம் போய் மாட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வலக்கைச் செருப்பு கேட்டவருக்கு என்பது மாதிரி, சரி, வலக்காலுக்குச் செருப்பு கேட்டவருக்கு இடக்கால் செருப்பு 48 தைத்துக் கொடுத்திருந்தேன். (பேசும்போது உண்மையிலேயே இப்படித்தான் உளறினேன், அப்படியே அச்சில் இருக்கட்டும்.)

முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். படம் மேஜைமேல் கிடந்தது. கூம்பு அங்கே மூலையில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், "நானும் கவனிக்கல முதலாளி. முன்ன ஒரு தடவை இதே பார்ட்டிக்குப் பண்ணிருக்கோம், எனக்கு ஞாபகம் வந்திருக்கணும்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கேட்டார், நான்தான் தப்பாகச் சொன்னேன் என்று அந்த அறையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு வார்த்தை. சொல்லவில்லை. அன்று அவருக்கும் சேர்த்து ஏச்சு விழுந்தது. மூன்று ராத்திரி உட்கார்ந்து 48 காதையும் கிரைண்டரால் அறுத்து, மறுமுனையில் வைத்து வெல்டு செய்து, தேய்த்து, பெயின்ட் அடித்தோம். நான் காதைப் பிடித்துக்கொள்வேன், அவர் பற்ற வைப்பார். ஓட்டையை ஒட்டி அறுத்துக் கெடுத்த ஒன்று மட்டும் தேறவில்லை. அதற்குப் பதில் புதிதாக ஒன்று செய்தோம்.

அந்த ராத்திரிகளில் ஒரு நாள் டீ குடிக்கும்போது, "அண்ணே, நீங்க அந்தப் படத்தை எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன். "எந்தப் படம்?" "சாக்கட்டியில போட்டீங்களே." அவர் யோசித்துவிட்டு, "அதுல கத்துக்க என்ன இருக்கு? தாள்ல இருக்கிறதக் கையில பிடிக்கணும்ல" என்றார்.

அவர் போட்டதற்குப் புத்தகத்தில் ஐசோமெட்ரிக் என்று பெயர். அதை ஒரு முறையாக எழுதி வைத்தவர் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் ஃபாரிஷ். 1822-ல் வந்த கட்டுரை. அவர் அதை ஏன் எழுதினார் என்று படித்தபோது எனக்கு எங்கள் ஒர்க்ஷாப்தான் நினைவுக்கு வந்தது. அவர் தொழிற்சாலை இயந்திரங்களைப் பற்றி வகுப்பு எடுப்பவர். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனித்தனி மாதிரி செய்து வைக்க இடமும் இல்லை, வசதியும் இல்லை. அதனால் சக்கரம், தண்டு, சட்டம் என்று பொதுவான பாகங்களை வைத்துக்கொண்டு, இன்றைக்கு ஒரு இயந்திரமாகக் கோப்பார். வகுப்பு முடிந்ததும் பிரித்து நாளைக்கு வேறொன்றாகக் கோப்பார். கோக்கிற உதவியாளருக்கு எந்தப் பாகம் எதோடு சேரும் என்று காட்டவேண்டும். மூன்று தோற்றம் வரைந்து கொடுத்தால் அவருக்கு அதைப் படிக்கப் பயிற்சி வேண்டும். ஆகவே ஒரே படத்தில் மூன்று பக்கமும் தெரிய, மூன்று திசையும் ஒரே அளவில் இருக்க, ஒரு வழி தேடினார். சாய்த்துப் பார்த்து வரையும் வழக்கம் அவருக்கு முன்னாலும் உண்டு. சீனத்துச் சுருள் ஓவியங்களில் வீடுகளெல்லாம் இணைகோட்டில் சாய்ந்துதான் நிற்கும். ஃபாரிஷ் அதற்கு ஓர் ஒழுங்கு கொடுத்தார்.

ஒழுங்கு இவ்வளவுதான். ஒரு கனசதுரத்தை ஒரு மூலையில் நிறுத்தி, எதிர்மூலைக்கு நேரே கண்ணை வைத்துப் பாருங்கள். மூன்று விளிம்புகள் 120 டிகிரி இடைவெளியில் பிரியும். ஒன்று செங்குத்து, மற்ற இரண்டும் கிடைக்கோட்டுக்கு 30 டிகிரி. மூன்றும் ஒரே விகிதத்தில் குறுகும்: 100 மில்லிமீட்டர் விளிம்பு ஏறக்குறைய 82-ஆகத் தெரியும். மூன்றும் சமமாகக் குறுகுவதால், குறுக்காமலே முழு அளவில் வரைந்தாலும் உருவம் கெடாது, படம் 1.22 மடங்கு பெரிதாக இருக்கும், அவ்வளவே. வேலை நடக்கிற இடத்தில் எல்லோரும் அப்படித்தான் வரைகிறார்கள். பரீட்சையில்தான் "புரொஜெக்ஷன்" என்று கேட்டால் குறுக்கு, "வியூ" என்று கேட்டால் குறுக்காதே என்று நம்மை வாட்டினார்கள். கனசதுரத்தின்மேல் ஒரு பந்தை வைத்துக் கேட்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? விளிம்பையெல்லாம் குறுக்கிவிட்டு, பந்தின் ஆரத்தை மட்டும் குறுக்கக்கூடாது. ஏன் என்று யோசிக்காமல் மனப்பாடம் செய்தேன். பந்தை எந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாலும் அதே வட்டம்தானே! கம்பியைச் சாய்த்தால் குட்டையாகத் தெரியும், பந்தைச் சாய்க்க முடியுமா?

அந்தத் தீப்பெட்டி வகுப்பில் நாங்கள் பின்னால் இழுத்த சாய்வுக் கோட்டுக்கும் ஒரு பெயர் உண்டு. அது ஒப்ளீக். முன்பக்கம் அப்படியே நேராக இருக்கும். ஆழம் மட்டும் சாயும். ஆழத்தை முழு அளவில் இழுத்தால் தீப்பெட்டி சிகரெட் பெட்டி மாதிரி நீண்டு தெரியும். பாதி அளவில் இழுத்தால் கண்ணுக்குப் பொருத்தமாக இருக்கும். அதற்குக் கேபினட் முறை என்றே பெயர், அலமாரி செய்கிறவர்கள் கையாண்ட முறை. முன்பக்கத்தில் வட்டம் இருந்தால் காம்பஸால் சுற்றிவிடலாம். ஐசோமெட்ரிக்கில் வட்டமெல்லாம் நீள்வட்டமாகி உயிரை வாங்கும்.

கதைக்கு வருகிறேன். அதற்குப் பிறகு நான் கொஞ்சம் மதம் மாறியவன் மாதிரி ஆகிவிட்டேன். ஒர்க்ஷாப்புக்கு இறங்கும் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் கையால் ஒரு ஐசோமெட்ரிக் போட்டுத்தான் கொடுப்பேன். எல்லோருக்கும் வசதியாக இருந்தது. வசதி அதிகமாகிப்போயிற்று. ஒரு நாள் லேத்தில் இருந்த பையன், பிளானையும் எலிவேஷனையும் பார்க்காமல் என் மூலைப் படத்தை மட்டும் பார்த்து நாலு உருப்படி முடித்துவிட்டான். பின்பக்கத்தில் ஒரு காடி இருந்தது. ஐசோமெட்ரிக்கில் பின்பக்கம் தெரியாது. அவனைத் திட்ட எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை என்பதால் திட்டவில்லை.

இந்தப் படம் ஏமாற்றவும் செய்யும். எல்லோரிடமும் மலரோடு கொடுத்த பேனா இருக்கிறது. ஓர் அறுகோணம் போடுங்கள். நடுப்புள்ளியிலிருந்து ஒன்று விட்டு ஒன்றாக மூன்று மூலைகளுக்குக் கோடு இழுங்கள். கனசதுரம் வந்துவிட்டதா? இப்போது அதையே ஓர் அறையின் மூலை என்று நினைத்துப் பாருங்கள்: இரண்டு சுவரும் தரையும் சேருகிற உள்மூலை. வந்துவிடும். கோடு ஒன்றும் மாறவில்லை. வெளியே துருத்திய மூலை உள்ளே குழிந்துவிட்டது. படிகங்களின் படங்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த நெக்கர் என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானி, படம் தன்னால் முன்பின்னாகப் புரள்கிறதே என்று 1832-லேயே எழுதி வைத்திருக்கிறார். இணைகோட்டில் வரைகிற படத்தில் கிட்ட எது, தூரம் எது என்பதற்கு அளவு சாட்சி சொல்லாது. பெர்ஸ்பெக்டிவிடம் விட்டுக்கொடுத்து வாங்கியது இது.

ஆகவே இப்போது என் வழக்கம் என்னவென்றால், செய்வதற்குத் தோற்றங்கள், பேசுவதற்கு ஐசோமெட்ரிக். நீ நினைக்கிற பொருளும் நான் நினைக்கிற பொருளும் ஒன்றுதானா என்று இரண்டு பேர் கேட்டுக்கொள்ள அந்தச் சாய்ந்த படம். அந்த ஃபிட்டர் அண்ணன் என்னிடம் அன்றைக்கு அளவு கேட்கவில்லை. அதைத்தான் கேட்டார்.

இப்போது நான் குழாய் வடிவமைப்பு செய்யும் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். வேதியியல் ஆலைகளுக்கான வேலை. எங்கள் துறையில் ஐசோமெட்ரிக் என்றால் வேறு மரியாதை. ஆலையில் ஓடுகிற ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு தாள், ஒற்றைக் கோட்டில். அதை ஸ்கேலுக்கு வரைவதில்லை; பத்து மீட்டர் நேர்க்குழாயைச் சுருக்கி, இரண்டு வளைவுகளுக்கு நடுவே நெருக்கடியாக இருக்கும் இடத்தை விரித்துப் போடுவோம். அளவு எண்ணாக எழுதியிருக்கும், வெல்டிங் எங்கே என்று குறித்திருக்கும், ஓரத்தில் எத்தனை எல்போ, எத்தனை ஃபிளான்ஜ் என்ற பட்டியல் இருக்கும். குழாய் மூன்று திசையில் எதிலும் சேராமல் குறுக்கே போனால், அதைச் சுற்றி ஒரு பெட்டி போட்டு எவ்வளவு கிழக்கு, எவ்வளவு வடக்கு, எவ்வளவு மேலே என்று எழுதவேண்டும். அந்தக் கோட்டை மட்டும் ஸ்கேல் வைத்து நம்பக்கூடாது. தாளின் மேல் மூலையில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி ஒன்று இருக்கும். புதிதாகச் சேருகிற பிள்ளைகள் படத்தைக் கொண்டுவந்தால் நான் முதலில் பார்ப்பது அந்த அம்பைத்தான். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது. இந்த மலரைப் படித்தால் தெரிந்துகொள்வார்கள்.

படம் போடுவதெல்லாம் கம்ப்யூட்டர்தான். ஐவன் சதர்லண்ட் 1963-ல் திரையில் ஒளிப்பேனாவால் கோடு இழுத்துக் காட்டியதிலிருந்து, 1982-ல் ஆட்டோகேட் வந்து, இன்றைக்கு முழு ஆலையையே முப்பரிமாணத்தில் கட்டிவிட்டு, பொத்தானை அமுக்கினால் ஐசோமெட்ரிக் தானாக வந்து விழுகிறது. நான் இதற்கு எதிரி இல்லை. மினி டிராஃப்டர் போய்விட்டதே என்று அழுகிறவனும் இல்லை. அதன் திருகு கழன்று விழுந்து நான் இழந்த ஷீட்டுகள் போதும். நம் டிராயிங் ஹாலில் பாதியில் கம்ப்யூட்டர் வந்திருப்பதைக் காலையில் பார்த்தேன். சந்தோஷம்தான்.

ஆனால் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். நேர்முகத் தேர்வுக்கு என்னிடம் வருகிறவர்களிடம் நான் ஒரு தீப்பெட்டியை வைத்து, பாதி திறந்து, "இதைக் கையால் வரை" என்பேன். சாஃப்ட்வேரில் ஆறு பெயர் சொல்கிறவர்கள் பென்சிலைப் பிடித்துக்கொண்டு தடுமாறுகிறார்கள். திரையில் பொருளை எலியால் சுழற்றலாம். சைட்டில், வெயிலில், வெல்டர் தலைக்கவசத்தை மேலே தள்ளிவிட்டு, "சார், இது இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று கேட்கும்போது கையில் எலி இருக்காது. ஒரு சாக்கட்டி இருக்கும். சில சமயம் அதுவும் அவர் கையில்தான் இருக்கும்.

அந்த அண்ணனிடம் நான் மன்னிப்புக் கேட்க ஆறு மாதம் ஆயிற்று. ஒர்க்ஷாப்பை விட்டுக் கிளம்பிய அன்று, "அண்ணே, அன்னிக்கு முதலாளிகிட்ட நான்தான் தப்புன்னு சொல்லியிருக்கணும்" என்றேன். அவர் கிரைண்டரைத் துடைத்துக்கொண்டே, "தெரியும் தம்பி" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. தேறாமல் போன அந்த ஒரு பிராக்கெட்டை ஸ்கிராப் தொட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து என் பையில் போட்டார்.

இதோ, இதுதான் அது. பதினைந்து வருஷமாக என் மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்தேன். இன்றைக்கு இதை டிராயிங் ஹாலுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறேன். துறைத்தலைவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஜன்னல் ஓரம் இருக்கும். முதலாண்டுப் பிள்ளைகள் இதை மூன்று தோற்றமாகவும், ஃபர்ஸ்ட் ஆங்கிளில் ஒன்று, தர்டு ஆங்கிளில் ஒன்று, பக்கத்தில் கையால் ஒரு ஐசோமெட்ரிக்கும் போட்டுப் பார்க்கட்டும். காது பாதி அறுபட்டிருக்கும், பார்த்துத் தொடுங்கள், விளிம்பு கூராக இருக்கிறது.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. வணக்கம்.